சிறு விசிறியும் ஆண்டுக் கணக்கும்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில், புனே நகரை அடுத்த தாபோடியில் உள்ள நமது கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். போசரி தொழிற்பேட்டையிலுள்ள ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறையை நடத்திவருபவர் அவர். பிழைப்புக்காக வந்து முளா ஆற்றின் வடகரையிலேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். முகத்தில் கவலை தெரிந்தது.

"சார், பட்டறைக் கணினி போய்விட்டது. புதிது வாங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகுமாம். அவசரக் கடன் கிடைக்குமா? இந்த மாதச் சரக்கிருப்பு அறிக்கையையும் நான் இன்னும் தரவில்லை," என்றார்.

கடன் வழங்குவது நமது தொழில். எனினும், எதற்காகக் கடன் என்று கேட்டறிவதும் அத்தொழிலின் ஒரு பகுதியே. கணினிக்கு என்ன நேர்ந்தது என்று வினவினோம். இரண்டு மாதங்களாகவே பெட்டிக்குள்ளிருந்து 'கரகர' என்ற ஓசை வந்துகொண்டிருந்தது. பிறகு ஓசை நின்றது. அதன்பின் பிற்பகல் வேளைகளில் திரை உறைந்துபோவதும், கணக்கு வைத்திருந்த வட்டு திடீரெனக் கண்ணுக்குத் தெரியாமற்போவதும் தொடங்கின. பழுதுபார்க்கும் கடையில் "மதர்போர்டு போய்விட்டது" என்று கூறிவிட்டார்கள்.

ஓசை வந்தது, ஓசை நின்றது, பிறகு சூடு ஏறியது என்ற இந்த வரிசையே நமக்கு ஐயத்தை உண்டாக்கியது. போனது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகைதானா, அல்லது அதன்மேல் அமர்ந்திருக்கும் சிறு விசிறி மட்டுமா? விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுமாறு அவரிடம் கூறினோம். அதன்வழி நாம் கற்றுக்கொண்டவற்றை, கணினியில் கணக்கு வைத்திருக்கும் அனைத்து வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்தளிக்கிறோம்.

விசிறி எதற்காக?

கணினிக்குள் பல விசிறிகள் சுழல்கின்றன. மின்வழங்கிப் பெட்டியில் ஒன்று, மையச் செயலியின் மேல் ஒன்று, பெட்டியின் பின்புறத்தில் ஒன்று. இவை தவிர, சில தாய்ப்பலகைகளில் 'சிப்செட்' எனப்படும் துணைச் சில்லின் மேலும் 30 முதல் 50 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு விசிறி இருக்கும். வட்டுகள், வலையமைப்பு, யு.எஸ்.பி. முதலிய பலவற்றைச் செயலியோடு இணைக்கும் சந்திப்பு நிலையம் போன்றது இந்தச் சிப்செட். இது அளவு கடந்து சூடேறினால், வட்டு நல்ல நிலையில் இருந்தும் கணினியின் பார்வையிலிருந்து மறைந்துபோகக்கூடும். பதிவு பாதியில் நின்றுபோகக்கூடும்.

2004, 2005-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பல தாய்ப்பலகைகளில் இத்தகைய சிறு விசிறிகள் இருந்தன. பின்னர் சில்லுகளின் மின்தேவை குறைந்ததால் அவை பெரும்பாலும் மறைந்தன. 2019-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எக்ஸ்570 சிப்செட் வந்தபோது விசிறி மீண்டும் இடம்பெற்றது. அச்சில்லு சுமார் 11 வாட் மின்சாரம் உட்கொள்வதே காரணம். 11 வாட் என்பது ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு எடுத்துக்கொள்ளும் அளவுதான். ஆனால் அந்த வெப்பம் முழுவதும் ஒரு தபால்தலை அளவேயுள்ள இடத்தில் பிறக்கிறது. அதனை வெளியேற்ற முதலில் 'ஹீட்சிங்க்' என்னும் உலோகத் தகடும், அத்தகட்டின் சூட்டை அள்ளிச்செல்லக் காற்றோட்டமும் வேண்டும். நமது வாடிக்கையாளரின் கணினி 2020 ஆகஸ்டில் வாங்கப்பட்டது. இவ்வகைத் தாய்ப்பலகை கொண்டது. அதன் சிப்செட் விசிறி, வரைபடப் பணிக்காகப் பொருத்தப்பட்ட கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருந்தது. அந்தக் கார்டின் அனலும் அதன்மேல்தான் இறங்கியது.

விசிறி ஏன் பழுதடைகிறது?

தாய்ப்பலகையில் உள்ளவற்றுள் ஓயாமல் அசையும் பாகம் விசிறி ஒன்றே. தேய்வதும் அதுவே. மலிவான விசிறிகளின் அச்சு, எண்ணெய் ஊறிய சிறு உலோகக் குழலுக்குள் சுழல்கிறது. வெப்பத்தால் அந்த எண்ணெய் ஆண்டுக்காண்டு வற்றுகிறது. தூசி படியும்போது அச்சு தள்ளாடுகிறது. 'கரகர' ஓசை அப்போது பிறக்கிறது. மேலும் வற்றினால் அச்சு இறுகி நின்றுவிடுகிறது. ஆகவே ஓசை நின்றதும் "தானாகவே சரியாகிவிட்டது" என்று மகிழ்வது பெரும் பிழை. பெரும்பாலும் அது விசிறியின் இறுதி மூச்சாகவே இருக்கும்.

தாபோடி போன்ற இடங்களில் இத்தேய்மானம் விரைவாக நிகழ்கிறது. பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையின் தூசி ஒருபுறம்; தகரக் கூரையின் கீழ் மார்ச் மாதத்திலேயே 35 டிகிரியைத் தொடும் பிற்பகல் வெயில் மறுபுறம். கடைசல் பட்டறையாயின் எண்ணெய்ப் புகையும் தூசியுடன் சேர்ந்து பசைபோல் படிகிறது.

அறிகுறிகளை எவ்வாறு உறுதிசெய்வது?

கணினியை இயக்கியவுடன் தோன்றும் 'பயாஸ்' அமைப்புத் திரையில் ஒவ்வொரு விசிறியும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும், சில்லுகளின் வெப்பநிலையும் காட்டப்படும். விசிறியின் மூன்று கம்பிகளுள் ஒன்று இந்த வேகத்தைத் தெரிவிப்பதற்காகவே உள்ளது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில பலகைகளில் சில்லு குளிர்ச்சியாக இருக்கும்போது விசிறி வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்படும். ஆகையால் வேகம் சுழியம் என்பது மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது. வெப்பம் ஏறிய பின்னும் சுழியமாகவே இருந்தால்தான் அது பழுது. நமது வாடிக்கையாளரின் கணினியில் சிப்செட் வெப்பநிலை 90 டிகிரியைத் தாண்டியிருந்தது. விசிறியின் வேகமோ சுழியம். தாய்ப்பலகை பழுதாகவில்லை, அது மூச்சுமுட்டிக் கிடந்தது, அவ்வளவே.

முதலில் நகல், பிறகே திருப்புளி

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால், இதனை நினைவில் கொள்ளுங்கள்: பெட்டியைத் திறந்து பழுதுபார்க்கத் தொடங்குமுன் கணக்குகளின் நகலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

காரணம் எளியது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைப் பாதுகாப்பது பதிவுபெற்ற ஒவ்வொரு வணிகரின் கடமை. காசுக்கடன் பெற்றுள்ளோர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. அவர்கள் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது சரக்கிருப்பு அறிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையின் அடிப்படையில் எடுக்கப்படும் தொகை ஒழுங்கற்றதாகக் கருதப்படும். அந்நிலை தொடர்ந்து 90 நாட்கள் நீடித்தால், தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் கணக்கு வாராக்கடன் வகைக்குச் செல்லக்கூடும். ஒரு விசிறி நிற்பதற்கும் கடன் கணக்கு கெடுவதற்கும் இடையேயுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஆனால் இயக்கிய சிறிது நேரத்தில் உறைந்துபோகும் கணினியிலிருந்து நகல் எடுப்பது எப்படி? அன்று உதவிக்கு வந்த இளம் தொழில்நுட்பப் பணியாளர் எளிய வழியொன்றைக் கையாண்டார். அதிகாலையில், வெயில் ஏறுமுன், கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மேசை விசிறியை ஓர் அடி தொலைவில் வைத்து உள்ளே காற்று படுமாறு செய்தார். பிறகு கணினியை இயக்கி, கணக்கு மென்பொருளின் உள்ளேயே இருக்கும் 'பேக்கப்' வசதியைக் கொண்டு வெளி வட்டில் நகல் எடுத்தார். வரைபடக் கோப்புகளையும் அவ்வாறே எடுத்தார். வேறெந்தப் பணியும் அப்போது கணினியில் நடக்கவில்லை. நாற்பது நிமிடங்களில் ஐந்தாண்டுக் கணக்கும் வெளியே வந்துவிட்டது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதனை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, கடைசிப் பற்றுச்சீட்டு வரை உள்ளதா என உறுதிசெய்தல் வேண்டும். மூல வட்டு ஒன்று, வெளி வட்டு ஒன்று, வேறிடத்தில் ஒன்று என மூன்று பிரதிகள் இருப்பது நல்லது. அனைத்தும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தால், தீயோ வெள்ளமோ திருட்டோ அனைத்தையும் ஒருசேரக் கொண்டுபோய்விடும்.

மாற்றும் முறை

மார்ச் 8, இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அன்று அப்பட்டறைக்குச் சென்று, வேலை நடந்த விதத்தை நேரில் கண்டோம். அது பின்வருமாறு நடந்தது.

முதலில் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியை உருவியெடுத்தார். பிறகு இயக்குப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் இதனால் வடிந்துவிடும். வறண்ட மாதங்களில் நம் உடலில் நிலைமின்சாரம் சேர்வது இயல்பு. ஆகையால் பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியை முதலிலும், பிறகு அடிக்கடியும் தொட்டுக்கொண்டார். மின்வழங்கிப் பெட்டியை அவர் திறக்கவேயில்லை. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் செருகியை எடுத்த பின்னும் ஆபத்தான மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கலாம். அதனைத் திறக்க நாமும் முயலக்கூடாது.

அடுத்து, உள்ளே உள்ள இணைப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்தார். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்ற ஐயம் எழும்போது இப்படமே வழிகாட்டும். கிராபிக்ஸ் கார்டின் நுனியிலுள்ள பூட்டை விடுவித்து அதனை வெளியே எடுத்தார். கீழே இருந்த உறையின் சிறு திருகுகளைக் கழற்றியதும் விசிறி தெரிந்தது. விரலால் மெல்லத் தள்ளியபோது அது சுழலாமல் இறுகி நின்றது.

விசிறியின் இணைப்பைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், முனையைப் பிடித்தே கழற்ற வேண்டும். புதிய விசிறி வாங்குமுன் அளக்கவேண்டியவை நான்கு: அகலம், தடிமன், திருகுத் துளைகளுக்கு இடையேயுள்ள தூரம், இணைப்பு முனையின் வகை. 40 மில்லிமீட்டர் சதுர விசிறிகளில் துளைகளின் இடைவெளி பொதுவாக 32 மில்லிமீட்டர் இருக்கும். தடிமன் 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். மின்னழுத்தம் பெரும்பாலும் 12 வோல்ட். அது விசிறியின் ஒட்டுத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எக்ஸ்570 போன்ற பலகைகளில் வடிவமும் முனையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், பழைய விசிறியையே கையில் கொண்டுசெல்வது சாலச் சிறந்தது. சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ, புனேயில் தாப்கீர் கல்லி அப்படி. தாபோடியிலிருந்து மெட்ரோ ரயிலில் சென்று, ஒத்த விசிறியை 450 ரூபாய்க்கு வாங்கிவந்தார்.

அவர் திரும்புவதற்குள், மென்தூரிகையால் ஹீட்சிங்கின் இடுக்குகளில் படிந்திருந்த தூசி நீக்கப்பட்டது. ஹீட்சிங்கை அவர் பெயர்க்கவில்லை. பழுது விசிறியில் மட்டும் இருக்கையில் அதனைப் பெயர்ப்பது வீண் இடர். பெயர்க்க நேர்ந்தால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். பசைக்குப் பதிலாக மெத்தைத் துண்டு இருந்தால், அதே தடிமனுள்ள புதியதை வைக்க வேண்டும்.

புதிய விசிறியைப் பொருத்தும்போது காற்றின் திசை முக்கியம். சதுர விசிறிகளில் ஒட்டுத்தாள் உள்ள பக்கமாகவே பெரும்பாலும் காற்று வெளியேறும். பழையது எப்பக்கம் நோக்கியிருந்ததோ அப்பக்கமே புதியதும் நோக்கியிருக்கட்டும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, அளவோடு இறுக்க வேண்டும். கம்பி எந்த விசிறியின் இறக்கையிலும் உரசாதவாறு ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

இறுதியில் பக்கத் தகட்டை மூடாமலேயே கணினியை இயக்கினார். பயாஸ் திரையில் விசிறி நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று காட்டியது. அரை மணி நேரம் பெரிய வரைபடம் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தபோது, சிப்செட் 62 டிகிரியில் நிலைத்தது. வட்டு மறையவில்லை; திரை உறையவில்லை.

எண்ணெய் விட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் விசிறி சில வாரங்கள் ஓடலாம். அது புதியது கிடைக்கும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. புனேயின் மார்கழிக் குளிரில் புட்டியிலேயே உறைந்துவிடும் எண்ணெய் அச்சுக்குள் என்ன செய்யும் என்பதை எண்ணிப்பாருங்கள். மேலும், உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் தாமாகத் திறப்பது தவறு. முதலில் விலைச்சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கணக்கேட்டில் அதன் இடம்

வணிகவியல் படித்தவர்கள் என்ற முறையில் ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 90,000 ரூபாய்க்கு வாங்கிய அக்கணினிக்கு, வருமான வரிக்கான 40 சதவீதத் தேய்மானத்தை ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பின்மேல் கழித்துவந்தால், தனியே எடுத்துக்கொண்ட அளவில் 2025 மார்ச் 31 அன்று ஏட்டு மதிப்பு ஏறத்தாழ 7,000 ரூபாய். ஏட்டைப் பார்ப்பவர் "பழைய பொருள், தூக்கியெறியலாம்" என்றுதான் எண்ணுவார். ஆனால் அதனுள் இருக்கும் ஐந்தாண்டுக் கணக்குக்கும் வரைபடங்களுக்கும் ஏட்டில் மதிப்பே எழுதப்படுவதில்லை. பொருளின் ஏட்டு மதிப்பைக் கொண்டு அதன் பராமரிப்பை அளவிடுதல் கூடாது. அதனைச் சார்ந்து நிற்பவற்றைக் கொண்டே அளவிட வேண்டும்.

விசிறிக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் செலவிட்டது 950 ரூபாய். இது நடைமுறைப் பழுதுபார்ப்பு. ஆகவே அவ்வாண்டின் வருவாயினச் செலவாகவே எழுதலாம், மூலதனமாக ஏற்ற வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய விலைச்சீட்டைக் கேட்டு வாங்கினால், கட்டிய வரியையும் உள்ளீட்டு வரியாகக் கோர வழியுண்டு.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

கணினியைக் கடையிலேயே விட்டுவர நேர்ந்தால், உலாவியில் சேமித்துவைத்த இணையவங்கிக் கடவுச்சொற்களை முன்பே நீக்கிவிடுங்கள். விசிறியை மாற்ற எவருக்கும் உங்கள் கடவுச்சொல்லோ ஓ.டி.பி. எண்ணோ தேவையில்லை. சேவை மையத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் தென்படும் எண்ணை அழைப்பதைத் தவிருங்கள். விலைச்சீட்டில் உள்ள எண்ணே நம்பத்தக்கது. தொலைவிலிருந்து கணினியைக் கையாளும் செயலியை நிறுவச் சொல்பவர் விசிறியைச் சரிசெய்ய வந்தவர் அல்லர்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே இரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை முழுவதும் அவரையே சாரும். ஐயம் எழுந்த உடனே வங்கிக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

நிறைவாக

தாபோடியில் மகாராஷ்டிர மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனை உள்ளது. எந்தப் பேருந்துப் பணிமனையும் வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான் பாகங்களை மாற்றுவது என்றிருந்தால், எந்தப் பயணியும் ஊர்போய்ச் சேரமாட்டார். நம் மேசையருகே இருக்கும் கணினிக்கும் இதுவே பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் நெருக்கடி தொடங்குவதற்கு முன்பு, பெட்டியைத் திறந்து தூசி நீக்கி, விசிறிகள் அனைத்தும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். ஓசை கேட்டால் அந்த வாரமே நகல் எடுங்கள்; அந்த மாதமே விசிறியை மாற்றுங்கள்.

நமது வாடிக்கையாளர் மார்ச் 10 அன்று சரக்கிருப்பு அறிக்கையுடன் கிளைக்கு வந்தார். மறுநாள் கடைசித் தேதியாக இருந்த ஜி.எஸ்.டி. விற்பனை அறிக்கையையும் அன்று காலையிலேயே தாக்கல் செய்துவிட்டதாகக் கூறினார். கடன் விண்ணப்பப் படிவத்தை, நிரப்பாமலே, நம்மிடம் திருப்பித் தந்தார். அதனை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம்.